பிபிடியை அடுத்தவர் திருத்தாமல் காப்பது: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

குறுவைக்கு முன்னால் டெல்டாவில் கூட்டத்துக்குக் குறைவே இருக்காது. ஜூன் 12 மேட்டூர் திறப்பு உண்டா இல்லையா என்று பேச்சு தொடங்கும்போதே ரகம், விதை நேர்த்தி, உர அளவு, பயிர்க் காப்பீடு என்று ஆளுக்கொரு பிபிடி (பவர்பாயிண்ட் ஸ்லைடு கோப்பு) வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். அதில் ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். காவிரி டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்கு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது பொதுப் பரிந்துரை. எக்டேர் என்றால் நம் ஆட்களுக்குப் பிடிபடாது என்று நல்லெண்ணத்தில் யாரோ அதை ‘ஏக்கருக்கு’ என்று மாற்றி, எண்ணை மட்டும் அப்படியே விட்டுவிட்டால், அளவு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பயிர் கருகருவென்று எழும், இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் தேடி வரும், கதிர் முற்றும் நேரத்தில் வயல் சாயும். அந்த ஸ்லைடின் அடியில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

அதனால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், எந்த மாதிரி கோளாறு நடக்கிறதோ அதற்கு ஏற்ற வழியைப் பாருங்கள். விண்டோஸில் ஓடும் பவர்பாயிண்ட் 2016-க்குப் பிந்தைய பதிப்புகளையும் மைக்ரோசாஃப்ட் 365-ஐயும் மனதில் வைத்து எழுதுகிறேன், மெனு பெயர் ஒன்றிரண்டு உங்கள் கணினியில் கொஞ்சம் மாறியிருக்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது என்ன? யாரும் திறக்கவே கூடாதா, திறக்கலாம் ஆனால் திருத்தக் கூடாதா, இல்லை திருத்தினாலும் அது உங்கள் பெயரில் போகக் கூடாதா? இந்த மூன்றும் மூன்று வேறு வேலை. இதைக் குழப்பிக்கொண்டு ஏதோ ஒரு பூட்டைப் போட்டுவிட்டு ‘பூட்டு வேலை செய்யவில்லை’ என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

மஞ்சள் பட்டை வருகிறது, ஆனால் ஒரே கிளிக்கில் திருத்திவிடுகிறார்கள்

ஃபைல், இன்ஃபோ, ப்ரொடெக்ட் ப்ரசென்டேஷன் என்று போய் ‘மார்க் ஆஸ் ஃபைனல்’ கொடுத்திருப்பீர்கள், அல்லது ‘ஆல்வேஸ் ஓப்பன் ரீட் ஒன்லி’. இரண்டுமே திறந்தவுடன் மேலே ஒரு மஞ்சள் பட்டையைக் காட்டும், அந்தப் பட்டையிலேயே ‘எடிட் எனிவே’ என்று ஒரு பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் முடிந்தது. ஆடு மாடு நுழையாமல் இருக்க வேலியில் சாத்தும் படல் மாதிரிதான் இது. தெரியாமல் கை பட்டு எழுத்து அழிந்துபோவதைத் தடுக்கும், உள்ளே வரவேண்டும் என்று வருகிறவரைத் தடுக்காது. உங்கள் குழுவுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு ‘இது முடிந்துவிட்டது, தொடாதீர்கள்’ என்று சொல்லப் போதும். வெளியே போகும் கோப்புக்கு இதை நம்பாதீர்கள்.

திருத்துவதற்கு பாஸ்வேர்டு போட்டும் மாற்றிய பிரதி சுற்றுகிறது

எஃப்12 அழுத்தினால் சேவ் ஆஸ் பெட்டி திறக்கும். கீழே சேவ் பொத்தானுக்குப் பக்கத்தில் ‘டூல்ஸ்’ இருக்கும், அதற்குள் ‘ஜெனரல் ஆப்ஷன்ஸ்’. அங்கே இரண்டு பாஸ்வேர்டு கேட்கும், ஒன்று திறப்பதற்கு, இன்னொன்று திருத்துவதற்கு. நிறைய பேர் இரண்டாவதை மட்டும் போடுகிறார்கள். பாஸ்வேர்டு தெரியாதவர் ‘ரீட் ஒன்லி’ அழுத்திப் பார்த்துக்கொள்வார், திருத்த முடியாது. கூட்டத்தில் காட்டுவதற்கும் சாதாரணமாகப் பகிர்வதற்கும் இது உண்மையிலேயே வசதியான அமைப்பு, நானும் பரிந்துரைப்பேன்.

ஆனால் திருத்தும் பாஸ்வேர்டு கோப்பைக் குறியாக்கம் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்கவே முடியாதபடி மாற்றுவது) செய்வதில்லை. பிபிடிஎக்ஸ் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் கோப்பு. திருத்தக் கூடாது என்ற குறிப்பு அதில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும், விவரம் தெரிந்தவர் அந்த வரியை எடுத்துவிட்டால் பாஸ்வேர்டே இல்லாத கோப்பு ஆகிவிடும். வேறு சில மென்பொருட்களில் திறந்தால் அந்த வரியைக் கண்டுகொள்ளாமலே திருத்த விட்டுவிடுவதும் உண்டு. ஆக, நேர்மையானவர்களுக்கு இது பூட்டு. வேண்டுமென்றே மாற்றுகிறவர்களுக்கு இது தாமதம், அவ்வளவுதான்.

பூட்டு பலமாகத்தான் இருக்கிறது, ஆனால் கூட்டத்தன்று எங்களாலேயே திறக்க முடியவில்லை

ப்ரொடெக்ட் ப்ரசென்டேஷனுக்குள் ‘என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்டு’ போட்டிருக்கிறீர்கள். நிஜமான பூட்டு இதுதான் (ஜெனரல் ஆப்ஷன்ஸில் திறப்பதற்குப் போடும் பாஸ்வேர்டும் இதே பூட்டுதான்), கோப்பு முழுக்க குறியாக்கம் ஆகிவிடும். பாஸ்வேர்டு மறந்தால் மைக்ரோசாஃப்ட்டால்கூட மீட்டுத் தர முடியாது. திறக்கவில்லை என்றால் முதலில் கேப்ஸ் லாக் பாருங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. அப்புறம் தமிழ்99 விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், பெட்டியில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும் என்பதால் எந்த எழுத்து விழுகிறது என்பதே தெரியாது. செல்போனில் சில செயலிகளில் இப்படிப்பட்ட கோப்பு திறக்கவே திறக்காது, கூட்டத்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர் போனில்தான் பார்ப்பார்கள் என்றால் இது ஒத்துவராது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டீர்கள் என்றால் திறப்பவர் திருத்தவும் செய்யலாம். திறக்கும் பூட்டு திருத்துவதைத் தடுக்காது, ஆளைத்தான் தடுக்கும். நான்கு பேருக்குள் இருக்கவேண்டிய கணக்கு வழக்கு, உறுப்பினர் விவரம் இருந்தால் இதைப் போடுங்கள். ஊருக்கே போகவேண்டிய ஸ்லைடுக்கு இது வேண்டாம்.

ஷோ கோப்பாக அனுப்பினேன், அதையும் மாற்றிவிட்டார்கள்

பிபிஎஸ்எக்ஸ் என்று சேமித்தால் டபுள் கிளிக் செய்தவுடன் நேராக முழுத்திரையில் ஓடும், அதனால் பூட்டியதுபோலத் தோன்றும். பவர்பாயிண்டை முதலில் திறந்து அதற்குள்ளிருந்து அந்தக் கோப்பைத் திறந்தால் சாதாரணமாகத் திருத்தலாம். கோப்பின் கடைசி எழுத்துகளை பிபிடிஎக்ஸ் என்று மாற்றினாலும் திருத்தலாம். மேடையில் ஓட்டுவதற்கு நல்லது, பாதுகாப்புக்கு ஒன்றுமில்லை.

யாரும் தொடவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள், ஆனால் ஸ்லைடு மாறியிருக்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மை. மனிதர்கள் யாரும் தொடாமலே ஸ்லைடு மாறுவதற்கு மூன்று காரணம் உண்டு, யாரையாவது சந்தேகப்படுவதற்கு முன்னால் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

முதல் காரணம் எழுத்துரு. உங்கள் ஊர் டிடிபி கடையில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்து வாங்கிய ஸ்லைடை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை தெரியும். இது யாரும் கெடுத்தது கிடையாது. யூனிகோடில் அடித்திருந்தால் எழுத்து போகாது, ஆனால் அளவு மாறும். லதாவில் அமைத்த ஸ்லைடை லதா இல்லாத கணினியில் திறந்தால் (விண்டோஸ் 10-இல் அது தானாக வருவதில்லை, தனியாகச் சேர்க்கவேண்டும்) வேறொரு எழுத்துரு அந்த இடத்துக்கு வந்து, வரி நீண்டு, கடைசி வரி பெட்டிக்கு வெளியே போய்விடும். அந்தக் கடைசி வரியில் ‘இது மண் பரிசோதனைக்கு உட்பட்டது’ என்று எழுதியிருந்தால், பார்ப்பவருக்கு யாரோ அதை எடுத்துவிட்டதாகத்தான் தோன்றும். சரிசெய்ய, ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் போய், அடியில் ‘எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்’ டிக் போடுங்கள். உரிமம் அனுமதிக்காத எழுத்துருக்கள் இப்படி உள்ளே போகாது என்பதால், அதைவிட எளிய வழி விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யூஐயில் அடிப்பது.

இரண்டாவது எக்செல் இணைப்பு. எக்செல்லிலிருந்து வரைபடத்தை காப்பி செய்து ஸ்லைடில் ஒட்டினால், பல நேரம் அது இணைப்பாகத்தான் ஒட்டுகிறது. அலுவலகத்தில் யாராவது அந்த எக்செல் கோப்பில் பரப்பளவை மாற்றினால் ஸ்லைடிலும் பட்டை உயரும், பிபிடியை அவர் திறந்திருக்கக்கூட மாட்டார். ஃபைல், இன்ஃபோ பக்கத்தில் வலது ஓரம் கீழே ‘எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்’ என்று வந்தால் இணைப்பு இருக்கிறது என்று பொருள். அதற்குள் போய் ‘ப்ரேக் லிங்க்’ கொடுங்கள். இறுதிப் பிரதிக்கு வரைபடத்தைப் படமாக ஒட்டுவதுதான் இன்னும் நல்லது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மூன்றாவது தேதி. இன்சர்ட், ஹெடர் அண்ட் ஃபுட்டரில் ‘அப்டேட் ஆட்டோமேட்டிக்கலி’ இருந்தால் திறக்கும் ஒவ்வொரு நாளும் அன்றைய தேதி காட்டும். போன வருடத்துப் பரிந்துரை இன்றைய தேதியோடு சுற்றும், அதைவிட ஆபத்து வேறு வேண்டாம். ‘ஃபிக்ஸ்டு’ என்று மாற்றி நீங்களே தேதியை அடித்துவிடுங்கள்.

மூன்றும் இல்லையென்றால் அப்புறம்தான் ஆள். இன்ஃபோ பக்கத்திலேயே ‘லாஸ்ட் மாடிஃபைடு பை’ என்று கடைசியாகத் திருத்தியவர் பெயர் இருக்கும். ஆனால் அது அந்தக் கணினியில் ஆஃபீஸுக்குக் கொடுத்த பெயர், ஜெராக்ஸ் கடைக் கணினியில் ‘அட்மின்’ என்றோ ‘யூசர்’ என்றோ காட்டினால் அதை வைத்து யார் மீதும் பழி போட முடியாது. யார் என்பதைவிட என்ன மாறியது என்பதுதான் அவசரம். உங்கள் மூலக் கோப்பைத் திறந்து, ‘ரிவ்யூ’ தாவலில் ‘கம்பேர்’ அழுத்தி, சுற்றுகிற பிரதியைக் காட்டுங்கள். எந்த ஸ்லைடில் எந்த எழுத்து மாறியது என்று வரிசையாகக் காட்டிக்கொடுத்துவிடும், கண்ணால் தேடவே வேண்டாம்.

கூகுள் ஸ்லைட்ஸ் லிங்க் கொடுத்தோம், ஒரு ஸ்லைடையே தூக்கிவிட்டார்கள்

‘ஷேர்’ அழுத்திப் பாருங்கள், ‘எனிஒன் வித் த லிங்க்’ என்பதற்கு எதிரே ‘எடிட்டர்’ என்று இருக்கும். அவசரத்தில் அப்படிக் கொடுத்துவிடுகிறார்கள். ‘வியூவர்’ ஆக்குங்கள், கருத்துச் சொல்லவேண்டியவர்களுக்கு மட்டும் ‘கமென்டர்’. அதே பெட்டியில் பல்சக்கரக் குறி இருக்கிறதே, அதற்குள் இரண்டு விஷயம் உண்டு. எடிட்டர்கள் மற்றவர்களுக்கு அனுமதி கொடுக்கலாமா என்பது ஒன்று, பார்ப்பவர்கள் தரவிறக்கம், அச்சு, நகல் எடுக்கலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதில் டிக்கை எடுக்காவிட்டால் வியூவராக இருப்பவரும் தனக்கென்று ஒரு நகல் எடுத்து அதில் இஷ்டம்போல மாற்றலாம்.

போன ஸ்லைடை மீட்க, ஃபைல், வெர்ஷன் ஹிஸ்டரி. எந்தக் கணக்கிலிருந்து எப்போது என்ன மாறியது என்று நிறத்தோடு காட்டும், பழைய நிலைக்கு அப்படியே திரும்பலாம். கூட்டத்துக்கு முதல் நாள் அங்கேயே அந்த நிலைக்கு ஒரு பெயர் கொடுத்து வைத்துவிட்டால் மறுநாள் தேட வேண்டியதில்லை.

லோகோவை எடுத்துவிட்டு அவர்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள்

லோகோ ஒவ்வொரு ஸ்லைடிலும் தனித்தனிப் படமாக ஒட்டியிருந்தால் ஒரு டெலீட்டில் போகும். ‘வியூ’ தாவலில் ‘ஸ்லைடு மாஸ்டர்’ போய் அங்கே வைத்தால் சாதாரணப் பார்வையில் கிளிக்கே ஆகாது, மாஸ்டர் என்ற ஒன்று இருப்பதே தெரியாத ஆளிடமிருந்து தப்பிவிடும். மைக்ரோசாஃப்ட் 365-இல் ஒரு பெட்டியின் மீது வலது கிளிக் செய்தால் ‘லாக்’ உண்டு, ஆனால் அது இடம் நகராமல் மட்டும்தான் பிடிக்கும். உள்ளே இருக்கும் எழுத்தை மாற்றலாம், பூட்டையும் அதே வலது கிளிக்கில் எடுக்கலாம். ஒரே வார்ப்பை எல்லா ஊர்க் குழுவுக்கும் கொடுத்து ‘உங்கள் ஊர் விவரத்தை மட்டும் நிரப்புங்கள்’ என்று சொல்லும் வேலைக்கு இந்த இரண்டும் போதுமானவை, மாறக் கூடாததை மாஸ்டரில் வையுங்கள், நிரப்பவேண்டிய இடத்தை மட்டும் வெளியே விடுங்கள்.

வெளியாருக்குப் போவது என்றால் என் தேர்வு வேறு. எஃப்12, சேமிக்கும் வகையில் ‘பவர்பாயிண்ட் பிக்சர் ப்ரசென்டேஷன்’ என்று ஒன்று இருக்கிறது, நம் பக்கம் இதைப் பயன்படுத்துபவர்கள் ரொம்பக் குறைவு. ஒவ்வொரு ஸ்லைடும் ஒரே படமாக மாறி, அதுவும் பிபிடிஎக்ஸாகவே தனிப் பிரதியில் சேமிக்கப்படும், உங்கள் மூலம் அப்படியே இருக்கும். அசைவுகளும் லிங்குகளும் போய்விடும். ஆனால் ‘எக்டேர்’ என்ற ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் ஒரு பெட்டியை ஒட்டி மறைத்துத்தான் மாற்றவேண்டும், பின்னணி நிறம் பொருந்தாது, எழுத்து வேறாகத் தெரியும், பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். எழுத்துரு தொல்லையும் இதோடு ஒழியும். எந்த பூட்டும் போடாமல் இத்தனை நன்மை கிடைக்கிறது என்பதால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பிடிஎஃப் இன்னும் எளிது, போனில் எல்லோராலும் திறக்க முடியும். ஆனால் பிடிஎஃப் என்றால் திருத்தவே முடியாது என்று நினைக்காதீர்கள், அதைத் திரும்ப பிபிடியாக்கித் தரும் தளங்கள் ஏராளம். பிக்சர் ப்ரசென்டேஷனாக்கி, அதிலிருந்து பிடிஎஃப் எடுத்தால் இரண்டின் நன்மையும் சேரும். லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரெஸ் இலவசம், அதில் பிடிஎஃப் ஏற்றுமதி செய்யும்போது ‘செக்யூரிட்டி’ தாவலில் திருத்தத்துக்குத் தடை போடலாம், சில மென்பொருட்கள் அந்தத் தடையை மதிப்பதில்லை என்றாலும் போட்டு வைப்பதில் நஷ்டமில்லை. பிடிஎஃப் எடுக்கும்போது ‘ஹிடன் ஸ்லைட்ஸ்’ சேர்வதற்கான டிக்கை எடுங்கள், இல்லாவிட்டால் கூட்டத்தில் காட்டாமல் ஒளித்த ஸ்லைடு பிடிஎஃபில் வெளியே வந்துவிடும்.

ஸ்லைடில் காட்டாத விவரமெல்லாம் வெளியே போயிருக்கிறது

மேலே எக்செல் வரைபடத்தைப் படமாக ஒட்டச் சொன்னதற்குக் காரணம் இதுதான். ‘எம்பெட் ஒர்க்புக்’ வகையில் ஒட்டினால் அந்த ஒரு வரைபடம் மட்டும் வருவதில்லை, எக்செல் கோப்பு மொத்தமும் ஸ்லைடுக்குள் போய் உட்காரும். ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கொள்முதல் வரைபடத்தை ஒட்டுகிறீர்கள், அதே ஒர்க்புக்கின் அடுத்த தாளில் உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், போன் நம்பர். வரைபடத்தில் வலது கிளிக் செய்து ‘எடிட் டேட்டா’ கொடுப்பவருக்கு அத்தனையும் திறக்கும். இது திருத்தத்தைவிடப் பெரிய சேதம், திருப்பி எடுக்க முடியாத சேதம். எக்செல்லில் காப்பி செய்து, ஸ்லைடில் ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ போய்ப் படமாக ஒட்டுங்கள்.

படங்களும் இப்படித்தான். பிபிடிஎக்ஸின் பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே ‘மீடியா’ என்ற உறையில் எல்லாப் படமும் வரிசையாகக் கிடக்கும். திருபுவனம் பட்டுச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு நெசவாளர் தன் புதிய முந்தி வடிவத்தை ஸ்லைடில் சின்னதாகத்தான் காட்டுகிறார், ஆனால் உள்ளே இருப்பது கேமராவில் எடுத்த முழு அளவுப் படம், இழை எண்ணும் அளவுக்குத் தெளிவாக. ஓரத்தை வெட்டியிருந்தாலும் வெட்டிய பகுதியும் உள்ளேதான் இருக்கும். படத்தைத் தேர்ந்தெடுத்து, ‘பிக்சர் ஃபார்மட்’ தாவலில் ‘கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்’, ‘டெலீட் க்ராப்டு ஏரியாஸ்’ டிக், தரம் 150 அல்லது 96 பிபிஐ. ஒரு பிரதியில் செய்யுங்கள், மூலத்தில் செய்தால் உங்கள் படமும் போய்விடும்.

கடைசியாக இன்ஃபோவில் ‘செக் ஃபார் இஷ்யூஸ்’, ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’. பேச்சுக் குறிப்பு, கமென்ட், தயாரித்தவர் விவரம் எல்லாம் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டு நீக்கித் தரும். இதுவும் பிரதியில்தான்.

தவறான பிரதி ஏற்கெனவே ஊர் முழுக்கப் போய்விட்டது

இனி எந்தப் பூட்டும் அதைத் திரும்ப வாங்கித் தராது. ஆனாலும் செய்ய முடிந்தது இருக்கிறது. சரியான பிடிஎஃபை கூகுள் டிரைவில் ஏற்றி, பார்க்க மட்டும் அனுமதி கொடுத்து, அந்த லிங்கின் க்யூஆர் குறியை ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும் மாஸ்டரில் வைத்துவிடுங்கள், பக்கத்திலேயே பதிப்பு எண்ணும் தேதியும். சந்தேகம் வந்தவர் போனைக் காட்டினால் மூலம் திறக்கும். பின்னால் திருத்தம் வந்தால் டிரைவில் அதே கோப்பின் மீது ‘மேனேஜ் வெர்ஷன்ஸ்’ போய்ப் புதியதை ஏற்றுங்கள், லிங்க் மாறாது, அச்சடித்த தாளில் இருக்கும் க்யூஆரும் செல்லும். வெளியிட்ட அன்றே அந்தப் பிடிஎஃபை உங்களுக்கு நீங்களே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்வதும் நல்லது, குறைதீர் கூட்டத்தில் ‘உங்கள் ஸ்லைடில் இப்படித்தானே இருந்தது’ என்று யாராவது எழுந்து கேட்டால், எந்தத் தேதியில் என்ன அனுப்பினீர்கள் என்று அங்கேயே காட்டலாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கையில் இருக்கும் அதிகாரிகள் ப்ரொடெக்ட் ப்ரசென்டேஷனிலேயே கையெழுத்துப் போடலாம். அது திருத்தத்தைத் தடுக்காது, ஆனால் ஓர் எழுத்து மாறினாலும் கையெழுத்து செல்லாது.

அப்புறம், தவறு பரவிய அதே வாட்ஸ்அப் குழுக்களில் புதிய கோப்பை மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், இரண்டு கோப்பையும் திறந்து ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. மாறிய அந்த ஒரு ஸ்லைடை மட்டும் படமாக எடுத்து, தவறானதன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை வைத்து, கீழே ‘எக்டேருக்கு 150 கிலோ, ஏக்கருக்கு 60 கிலோ, இது தழைச்சத்தின் அளவு, யூரியாவின் அளவு கிடையாது’ என்று பெரிய எழுத்தில் ஒரே வரி எழுதி அனுப்புங்கள். அதையே ஒரு தாளில் அச்செடுத்து ஊரில் இருக்கும் உரக்கடை ஒவ்வொன்றிலும் ஒட்டச் சொல்லுங்கள், குழுவில் இல்லாதவர் மூட்டை வாங்க அங்கேதான் வருவார்.